நேரு பிளேஸும் பழைய பெட்டியும்

தலைநகரைக் காண வரும் உறவினர்களை நாம் அழைத்துச் செல்லும் இடங்கள் பெரும்பாலும் முன்பே முடிவானவை. குதுப்மினார், செங்கோட்டை, இந்தியா கேட், ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர், நேரமிருந்தால் தாமரைக் கோயில். அத்தாமரைக் கோயிலின் வெள்ளை இதழ்களைக் கண்டு வியந்து திரும்பும் அன்பர்கள், அதற்கு அருகிலேயே இருக்கும் நேரு பிளேஸ் என்னும் கடைவீதியை ஒரு காட்சியிடமாகக் கருதுவதில்லை. அங்கே கோபுரமும் இல்லை, குளமும் இல்லை. ஆயினும், நம் வீடுகளில் மேசைக்கு அடியில் ஓசையிட்டுக்கொண்டிருக்கும் கணினிகள் பிறப்பதும் பிரிவதும் மறுபிறவி எடுப்பதும் அங்கேதான். அம்மறுபிறவியைக் கண்ணாரக் காணும் வாய்ப்பு அண்மையில் எங்களுக்குக் கிடைத்தது.

எங்கள் அண்டை வீட்டு அன்பரின் மகள் இவ்வாண்டு கட்டடக் கலை பயிலக் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். வரைபடங்கள் வரைவதற்கு வலிமையான கணினி ஒன்று வேண்டும். வீட்டிலோ 2001ஆம் ஆண்டில் அவளுடைய தாத்தா, மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பழைய கணினி ஒன்று பரணில் கிடந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அவர் இட்ட சந்தனக் குங்குமத்தின் தடம் அதன் நெற்றியில் இன்னும் மங்கவில்லை. "இந்த இரும்பை இன்னும் எத்தனை நாளைக்குக் கட்டி அழுவது? கபாடிவாலா வந்தால் போட்டுவிடுங்கள்" என்பது அம்மையாரின் கட்சி. "உள்ளே இருப்பதை மாற்றுவோம், தாத்தாவின் பெட்டி இருக்கட்டும்" என்பது மகளின் கட்சி. நடுவில் அகப்பட்ட அன்பர் எங்களையும் துணைக்கு அழைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெட்டியை ஆட்டோவில் ஏற்றி மடியில் தாங்கிக்கொண்டு நாங்கள் மூவரும் புறப்பட்டோம்.

கடைவீதியின் தோற்றம்

ராமகிருஷ்ணபுரத்திலிருந்து வெளிவட்டச் சாலையிலேயே சென்றால் ஐ.ஐ.டி., பஞ்சசீல் பார்க், சிராக் தில்லி இவற்றைக் கடந்து நேரு பிளேஸை அடையலாம். சுமை இல்லாதவர்களுக்கு மெட்ரோ ரயிலே உகந்தது. ஊதா வழித்தடத்தில் 2010ஆம் ஆண்டு முதல் நேரு பிளேஸ் என்றே ஒரு நிலையம் உண்டு. மெஜந்தா வழித்தடத்தில் நேரு என்கிளேவ் நிலையத்தில் இறங்கியும் நடந்து வரலாம். ஞாயிற்றுக்கிழமை சென்றால் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

தில்லி வளர்ச்சி ஆணையம் அலுவலகங்களுக்கும் வாணிகத்திற்கும் ஏற்ற மாவட்ட மையமாக இவ்விடத்தை அமைத்தது. உயர்ந்த கட்டடங்கள் நாற்புறமும் சூழ, நடுவே கற்கள் பாவிய அகன்ற முற்றம் நீண்டு கிடக்கிறது. தரைத்தளத்தில் கண்ணாடிக் கடைகள். மாடிகளில் மொத்த வியாபாரிகள். முற்றத்தில் கம்பிகளும் பைகளும் மை டப்பாக்களும் பரப்பிய சிறு வணிகர்கள். "லேப்டாப் ரிப்பேர், பிரிண்டர், பென் டிரைவ்!" என்ற கூவல், நம்மூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்பவரின் குரலுக்குச் சற்றும் இளைத்ததன்று.

இவ்விடத்தோடு தமிழருக்கு ஓர் உறவும் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, தில்லிக்கு வேலைக்கு வந்த சிவ் நாடார், 1976ஆம் ஆண்டில் தம் நண்பர்களோடு சேர்ந்து எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். இந்தியாவிலேயே கணினி செய்து விற்கலாம் என்று முன்வந்த முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. அதன் பெயர்ப் பலகை நேரு பிளேஸில் நெடுங்காலம் விளங்கிற்று. பிழைப்புக்காக வடக்கே வந்த ஒருவர் இட்ட வித்து இத்துறையில் இத்துணை பெரிதாக வளர்ந்தது என்பதை நம் குழந்தைகள் அறிவது நல்லது.

ஒரே அளவு, ஒரே துளை

நாங்கள் நாடியது மாடிப்படிக்கு அருகில் இருந்த ஒரு சிறிய கடை. முதியவரான சர்தார்ஜி ஒருவர் பெட்டியைக் கண்டதும் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, முன்புறத்தைப் பாராமல் பின்புறத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஏ.டி.எக்ஸ். பெட்டிதான் மகளே. கவலை வேண்டாம்; குடியேறலாம்" என்றார் இந்தியில். அவர் அவ்வாறு பின்புறத்தைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. அதனைச் சற்று விளக்குவோம்.

கணினிப் பெட்டியைக் கடைக்காரர்கள் கேபினட் என்பர். நம் வீடுகளில் பெட்டி முழுவதையுமே சி.பி.யூ. என்று சொல்லிப் பழகிவிட்டோம். அதனுள்ளே மதர்போர்டு என்னும் பெரிய பலகை திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருக்கும். 1984இல் ஐ.பி.எம். கொண்டுவந்த ஏ.டி. என்னும் அமைப்பே முதலில் வழக்கில் இருந்தது. 1995ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் புதிய அமைப்பை வெளியிட்டது. பலகையின் நீளம் 305 மி.மீ., அகலம் 244 மி.மீ.; திருகாணித் துளைகள் இன்ன இன்ன இடத்தில்; பின்புறச் செருகுவாய்களுக்காகப் பெட்டியில் ஏறத்தாழ 159 மி.மீ. நீளமும் 44 மி.மீ. உயரமும் உள்ள ஒரு சாளரம் என்று அது வரையறுத்தது.

அதன் பின்னர்ப் பிராசசர்கள் எத்தனையோ தலைமுறை மாறிவிட்டன, ராம் மாறிற்று, செருகுவாய்கள் மாறின. துளைகளின் இடம் மட்டும் மாறவில்லை. 1997இல் வந்த மைக்ரோ ஏ.டி.எக்ஸ். பலகை 244 மி.மீ. சதுரம்; 2001இல் வந்த மினி ஐ.டி.எக்ஸ். 170 மி.மீ. சதுரம். இச்சிறிய பலகைகளும் பெரிய அமைப்பின் துளை வரிசையையே பெரிதும் பின்பற்றுகின்றன. ஆகவே, 2001இல் வாங்கிய பெட்டியினுள் இன்று வாங்கும் பலகை அமர்கிறது. சர்தார்ஜி தேடியது அந்தச் சாளரத்தைத்தான். பின்புறம் விசைப்பலகைக்கு ஒரு வட்டத்துளை மட்டும் இருந்து சாளரம் இல்லாவிடில் அது பழைய ஏ.டி. பெட்டி. அதனை மாற்றுவது பெருவேலை, ஆபத்தும் உண்டு. ஏ.டி. பெட்டியின் முன்புறப் பொத்தானில் வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ட்டே நேராக வந்து சேரும். ஏ.டி.எக்ஸ். பெட்டியின் பொத்தானோ மிகக் குறைந்த மின்னழுத்தத்தில் மதர்போர்டுக்கு ஒரு சைகை மட்டுமே தருவது. ஏ.டி. பொத்தானை அப்படியே புதிய பலகையில் இணைக்க எவரும் முயலலாகாது. அதனைக் கம்பியோடு நீக்கிவிட்டு, அழுத்தி விட்டால் மீளும் சிறு பொத்தானைப் பொருத்த வேண்டும்.

2004ஆம் ஆண்டையொட்டி வந்த பி.டி.எக்ஸ். என்னும் வகையில் பலகையின் அமைப்பே வேறு. அது நிலைக்கவில்லை, அவ்வகைப் பெட்டி புதிய குடியை ஏற்காது. தமக்கென்று தனி அளவு வைத்துக்கொண்ட நிறுவனக் கணினிகளும் அவ்வாறே. உள்ளூர்க் கடையில் 'அசெம்பிள்' செய்து வாங்கிய சாதாரணப் பெட்டியே இவ்வேலைக்கு ஏற்றது.

எதை வைப்பது, எதை நீக்குவது

பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே இருபது ஆண்டுத் தூசி. தகட்டைத் தட்டிப் பார்த்த சர்தார்ஜி, "இன்றைய மலிவுக் கேபினட்டை விரலால் அழுத்தினால் குழியும். இது அப்படியன்று" என்றார். பின்னர் ஒவ்வொன்றாகத் தீர்ப்பு வழங்கினார்.

முதலில் நீக்கப்பட்டது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கி. "இன்னும் ஓடுகிறதே மாமா, இதையே வைத்துக்கொள்ளலாமோ?" என்று அப்பெண் எங்களைக் கேட்டாள். விடையைச் சர்தார்ஜியே சொன்னார். பழைய மின்வழங்கியின் மதர்போர்டு இணைப்பில் 20 ஊசிகள், இன்றையதில் 24. பிராசசருக்குத் தனியே செல்லும் 8 ஊசி இணைப்பு அதில் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அதிலுள்ள கெப்பாசிட்டர்கள் முதுமையால் நலிந்திருக்கும். அது கெடும்போது தான் மட்டும் கெடாமல், புதிய பொருள்களையும் உடன் அழைத்துக்கொண்டு போகலாம். மின் இணைப்பைத் துண்டித்த பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகையால் வீட்டில் எவரும் அதைத் திறந்து பார்க்கக் கூடாது. நல்வினைப் பயனாக, புதிய ஏ.டி.எக்ஸ். மின்வழங்கியின் முகப்பும் 150 மி.மீ.க்கு 86 மி.மீ. என்னும் அதே அளவு. அதே நான்கு திருகாணிகள். மாற்றுவதற்கு ஐந்து நிமிடமே ஆயிற்று.

அடுத்தது காற்று. பழைய பெட்டிகளின் பெருங்குறை இதுதான். 2001ஆம் ஆண்டையொட்டி வந்த பென்டியம் 3 பிராசசர் ஏறத்தாழ 30 வாட்டுக்குள் அடங்கியது. இன்று சாதாரணமாகக் கருதப்படும் பிராசசரின் அளவே 65 வாட்; கடும் வேலையின்போது அதற்கு மேலும் ஏறும். கிராபிக்ஸ் கார்டு தனியே இன்னொரு அடுப்பு. பழைய பெட்டியோ முன்புறம் பிளாஸ்டிக்கால் மூடி, கீழே ஒரு கீற்று வழியாக மூச்சு விடுவது. அதில் 80 மி.மீ. விசிறிக்குத்தான் இடம். அதனை 120 மி.மீ. ஆக்கினால் விசிறியின் பரப்பு இரண்டேகால் மடங்காகும், மெதுவாகச் சுழன்றே மிகுந்த காற்றைத் தரும், இரைச்சலும் குறையும்.

அதற்கு இரண்டு வேலைகள் செய்ய வேண்டியிருந்தன. ஹார்டு டிஸ்க் வைக்கும் கீழ்க்கூண்டை அகற்றுவது ஒன்று. அது ரிவெட்டுகளால் பிணைக்கப்பட்டிருப்பதால், அவற்றின் தலையைத் துளைக்கருவியால் குடைந்து எடுக்க வேண்டும். கூண்டு போய்விட்டதே என்று வருந்த வேண்டியதில்லை. இன்றைய எம்.2 சேமிப்பான் 22 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ள ஒரு சிறு பட்டை. மதர்போர்டின் மீதே ஒட்டிப் படுத்துக்கொள்ளும். முன்தகட்டில் 120 மி.மீ. விசிறிக்கு வட்டமாக வெட்டுவது மற்றொன்று. திருகாணித் துளைகளின் இடைவெளி 80 மி.மீ. விசிறிக்கு 71.5 மி.மீ.; 120 மி.மீ. விசிறிக்கு 105 மி.மீ.; ஆகவே புதிய துளைகளும் இட வேண்டும். வெட்டும்போது பெட்டியினுள் வேறு எந்தப் பொருளும் இருத்தலாகாது. ஒரு சிறு இரும்புத் துகள் மதர்போர்டின் மேல் விழுந்தாலும் குறுக்கு மின்னோட்டத்தால் பலகை பாழாகும். வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்து, ரப்பர் பட்டை மாட்டி, பெட்டியை முழுவதும் துடைத்த பின்னரே பொருள்களை ஏற்ற வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன் பின்சுவரிலிருந்து முன்கூண்டு வரை அளவுநாடா வைத்துப் பார்த்தோம், 24 செ.மீ. இருந்தது. ஆகவே 20 செ.மீ. நீளமுள்ள கார்டைத் தேர்ந்தெடுத்தாள் அப்பெண். பிராசசர் மீது அமரும் குளிர்விப்பானுக்கும் இவ்வாறே உயரம் பார்க்க வேண்டும். கோபுரம் போன்றவை பழைய பெட்டிகளின் பக்கக் கதவில் இடிக்கும்.

தாத்தாவின் எழுத்து

பழைய ஹார்டு டிஸ்கைக் கையில் எடுத்த சர்தார்ஜி, "இதில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா?" என்று கேட்டார். ஒருவரும் பார்க்கவில்லை. அது 40 ஊசிகள் கொண்ட ஐ.டி.இ. வகை, இன்றைய மதர்போர்டில் அதற்கு வாய் இல்லை. ஆனால் யு.எஸ்.பி.க்கு மாற்றும் இணைப்புக் கம்பி அக்கடைவீதியிலேயே கிடைக்கிறது. அதைப் பூட்டியதும் வட்டு முனகிக்கொண்டு சுழன்றது. உள்ளே புகைப்படங்கள் சில. தமிழ்க் கோப்புகள் பல. திறந்தால் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தன.

அதற்கும் காரணம் உண்டு. அக்காலத்தில் யூனிகோடு முறை நம் வீடுகளில் பரவவில்லை. ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழைத் தட்டச்சு செய்தோம். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டிற்குப் பின் டாப், டாம் என்னும் குறியீட்டு முறைகள் அரசின் ஏற்புப் பெற்றன. இன்று அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கடையிலேயே ஒரு கோப்பை மாற்றிப் பார்த்தோம். ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர், ஏழு தலைமுறைப் பெயர்கள், தில்லிக்கு முதன்முதல் வந்த நாளில் ரயிலில் உடன் வந்தவர் யார் யார் என்பது வரை, ஒரு முதியவர் தம் பேரக் குழந்தைகளுக்காக வரிசையாக எழுதி வைத்திருந்தார். அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. கபாடிவாலாவின் தராசில் அதற்கு எத்தனை ரூபாய் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தோம். எல்லாவற்றையும் இரண்டு இடங்களில் படி எடுத்த பின்னரே வட்டு பையினுள் சென்றது.

யமுனைக்கு அப்பால்

தகடு வெட்டும் வேலைக்கு மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். நீக்கிய மதர்போர்டையும் மின்வழங்கியையும் எடைக்கு வாங்கிக்கொள்ள ஒருவர் முன்வந்தார். "இவை எங்கே போகும்?" என்று பெண் கேட்டாள். "சீலம்பூர்" என்றார் அவர். "போய்ப் பார்த்துவிட்டு வரலாமா, மாமா?" என்றாள். ஊதா வழித்தடத்திலேயே காஷ்மீரி கேட் வரை சென்று, சிவப்பு வழித்தடத்திற்கு மாறி, யமுனைப் பாலத்தைத் தாண்டினால் சாஸ்திரி பார்க்கை அடுத்து வருவது சீலம்பூர். 2002 டிசம்பரில் தில்லி மெட்ரோ முதன்முதலாக ஓடிய பகுதியில் அமைந்த நிலையம் அது.

நாட்டில் மின்கழிவைப் பிரிக்கும் பெரிய இடங்களுள் ஒன்று இது. குறுகிய சந்துகள், வாசல்தோறும் குவியல்கள். கம்பிகள் ஒரு குவியல், விசைப்பலகைகள் ஒரு குவியல், பச்சைப் பலகைகள் ஒரு குவியல். பெண்கள் சுத்தியலும் குறடும் கொண்டு அவற்றைப் பிரிக்கிறார்கள். கையுறை அணிந்தவர் எவரையும் நாங்கள் காணவில்லை. கம்பியின் மேலுறையை எரித்துச் செம்பு எடுப்பதும், பலகையை அமிலத்தில் இட்டுப் பொன்னும் செம்பும் பிரிப்பதும் இத்தகைய முறைசாராத் தொழிலில் நெடுங்காலமாக நடந்துவருபவை. பழைய பலகைகளின் பற்றவைப்பில் ஈயம் உண்டு. அப்புகையை முகர்வதும் அவர்களே. அக்கழிவு நீர் சேரும் மண்ணில் வாழ்வதும் அவர்களே. அவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. நாம் எறிந்ததை அவர்கள் பொறுக்குகிறார்கள், அவ்வளவே.

முன்பிருந்த விதிகளுக்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் மின்கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளன. தாம் விற்ற பொருள்களின் கழிவுக்கு உற்பத்தியாளரே பொறுப்பேற்று, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியாக அதனைக் கையாள வேண்டும் என்பது அவற்றின் சாரம். அன்பர் தம் பையிலிருந்ததை அங்கே விற்கவில்லை. பின்னொரு நாள் பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்து ரசீது பெற்றார். கிடைத்த பணம் சொற்பமே.

கணக்கு

மாலையில் பெட்டி தயாராயிற்று. பித்தளைக் கால்கள் பலகையின் துளைகளுக்கு நேராக மட்டும் நிறுத்தப்பட்டன. தேவையற்ற ஒரு கால் அடியில் நின்றாலும் பலகையின் அடிப்புறம் உரசி மின்னோட்டம் திசைமாறும். பழைய முன்புறப் பொத்தானும் விளக்கும் புதிய பலகையில் அப்படியே பொருந்தின; விளக்கின் மூன்று துளைச் செருகியை மட்டும் இரண்டாக மாற்ற வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தியதும் பழைய பச்சை விளக்கு ஒளிர்ந்தது.

இதனால் மிச்சமான பணம் எவ்வளவு என்று வாசகர்கள் கேட்பார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: மிகச் சிறிதே. கணினியில் விலை குறைந்த உறுப்பு பெட்டிதான். தகடு வெட்டும் கூலியையும் விசிறியையும் கழித்தால் ஆதாயம் என்று சொல்ல அதிகமில்லை. பணம் ஒன்றையே கருதுவோர் புதிய கேபினட் வாங்குவதே எளிது. ஆனால் ஒரு தலைமுறைக்கு உழைத்த கெட்டித் தகடு குப்பைக்குப் போகவில்லை. ஆபத்தான பழைய மின்வழங்கி வீட்டில் தங்கவில்லை. தாத்தாவின் எழுத்து அழியவில்லை. பழையது என்பதற்காக எல்லாவற்றையும் எறிவதும் பேதைமை. பாசம் என்பதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதும் பேதைமை. எது சட்டம், எது சரக்கு என்று பிரித்தறிவதே விவேகம். சொந்த ஊரை விட்டு வந்து குடித்தனம் நடத்தும் நமக்கு இது புதிய பாடமன்று.

நம் அன்பர்களின் பரண்களில் இத்தகைய பெட்டிகள் இன்னும் பல இருக்கக்கூடும். அவற்றை இறக்கும்போது பின்புறச் சாளரம் உண்டா என்று முதலில் பாருங்கள். உள்ளளவை நாடாவால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மின்வழங்கியைத் தயங்காமல் மாற்றுங்கள். மூன்று ஊசிச் செருகியையும் நல்ல எர்த் இணைப்பையும் வீட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஹார்டு டிஸ்கைத் திறந்து பாராமல் எவர் கையிலும் கொடுக்காதீர்கள். வார நாள் ஒன்றில், முற்பகலிலேயே நேரு பிளேஸை அடைந்தால் கூட்டம் குறைவு; கடைக்காரர்களும் நின்று பேசுவார்கள். குழந்தைகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மேசைக்கு அடியில் இருக்கும் பெட்டி எங்கிருந்து வருகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்பதை அவர்களும் ஒரு முறை நேரில் காணட்டும்.